முதலைப் பண்ணை: சேலம் பக்கம் நடக்குமா? காலி கோழி ஷெட் இருக்கிறது

#1 ஆத்தூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். வாழப்பாடி தாண்டி ஆத்தூர் போகிற வழியில் எங்களுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு பிராய்லர் ஷெட்டும் இருக்கின்றன. கம்பெனிக்காரர்கள் குஞ்சு இறக்குவதை நிறுத்திவிட்டார்கள். ஷெட் சும்மா கிடக்கிறது. கரண்ட், போர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அப்படியே உள்ளன.

போன வாரம் மச்சான் ஒரு திட்டத்தோடு வந்தார். ஒரு கம்பெனி முதலைக் குஞ்சு தருமாம். தொட்டி எப்படிக் கட்டுவது என்று அவர்களே ஆள் விட்டுச் சொல்வார்களாம். மூன்று வருஷம் வளர்த்துக் கொடுத்தால் தோலுக்காக அவர்களே திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். குஞ்சுக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்ட வேண்டும். தீவனத்துக்குக் கவலையே இல்லை, நாமக்கல் பக்கத்தில்தானே, செத்த கோழியும் கோழிக் குடலும் வேண்டிய மட்டும் கிடைக்கும் என்பது மச்சானின் கணக்கு. எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது.

முதலை எவ்வளவு வேகமாக வளரும்? எங்கள் ஊர் வெயில் ஒத்துக்கொள்ளுமா? தோலுக்கு உண்மையிலேயே அவர்கள் சொல்கிற விலை உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கிண்டல் மட்டும் வேண்டாம், அதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

#2 சங்ககிரி_லாரி

பேங்க் லோன் போட்டே செய்யுங்கள் தலைவரே. தவணை தவறி ஜப்திக்கு வருகிறவர்களை முதலையே பார்த்துக்கொள்ளும்.

#3 பெருந்துறை_ரோடு

கம்பெனியே குஞ்சு தரும். கம்பெனியே தீவனம் சொல்லும். கம்பெனியே திரும்ப வாங்கும். நீங்கள் முன்பணம் மட்டும் கட்டினால் போதும். இதே பாட்டை நான் ஈமு கோழிக்குக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் நகையை வைத்துப் பணம் கட்டினோம். 2012ல் எல்லாம் ஒரே மாசத்தில் இழுத்து மூடப்பட்டது. பணம் போனது ஒரு பக்கம். ஆளுயரப் பறவைகள் தீவனம் கேட்டுக் கம்பி வேலியில் முட்டிக்கொண்டு நின்றன, அவற்றை யாருக்கும் விற்கவும் முடியவில்லை. கறி வாங்க ஆளில்லை, எண்ணெய் வாங்க ஆளில்லை. பத்தாயிரம் பேர் வளர்த்தார்கள், சாப்பிட யாருமில்லை.

அங்கேயாவது ஈமு. வேலியைத் திறந்து விட்டால் ஓடிப்போகும். கம்பெனி ஓடிப்போன பிறகு முதலையை என்ன செய்வீர்கள் தம்பி?

#4 செவ்வாய்ப்பேட்டை_வக்கீல்

வளர்ப்பு, வெயில், தீவனம் எல்லாம் பிறகு. முதலில் சட்டம்.

நம் நாட்டில் மூன்று இனம் இருக்கிறது: ஆறு, ஏரி, அணையில் வாழும் சேற்று முதலை, கழிமுகத்தில் வாழும் செம்மூக்கு முதலை, வடக்கே கங்கைப் பக்கம் இருக்கிற நீள மூக்கு கரியால். மூன்றுமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அதாவது புலி இருக்கிற அதே அட்டவணை. பிடிக்கக் கூடாது, கொல்லக் கூடாது, தோலையோ பல்லையோ முட்டையையோ வைத்திருக்கக் கூடாது. 1986ல் சேர்த்த 5ஏ அத்தியாயம் வியாபாரத்தை அடியோடு நிறுத்தியது. தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. உயிரியல் பூங்காவோ வனத்துறை மையமோ வளர்க்கலாம். தோலுக்காகத் தனியார் வளர்க்க இந்தியாவில் வழியே கிடையாது.

ஆகவே அந்தக் கம்பெனியிடம் ஒரே ஒரு தாளைக் கேளுங்கள்: தலைமை வன உயிரினக் காப்பாளர் கொடுத்த அனுமதி. தரமாட்டார்கள், ஏனென்றால் அப்படி ஒன்று இருக்கவே முடியாது.

#5 ஆத்தூர்க்காரன்

வக்கீல் சார், நன்றி. மச்சானிடம் சொன்னேன், அவர் ஏஜென்ட்டிடம் கேட்டார். "அது நம்ம ஊர் முதலைக்குத்தான் சார் சட்டம், இது தாய்லாந்து இனம், அதற்கு இந்தியச் சட்டம் பொருந்தாது" என்கிறாராம். அப்படி ஒரு ஓட்டை இருக்கிறதா?

#6 செவ்வாய்ப்பேட்டை_வக்கீல்

முன்பு கொஞ்சம் இருந்தது, இப்போது அடைத்துவிட்டார்கள். சைட்டிஸ் என்று வன உயிரின வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற ஒரு சர்வதேச ஒப்பந்தம், 1975ல் நடைமுறைக்கு வந்தது, அடுத்த வருஷமே இந்தியா சேர்ந்துவிட்டது. உலகத்தில் உள்ள எல்லா முதலை இனமும் அதன் பட்டியலில் ஏதாவது ஒன்றில் இருக்கும். தாய்லாந்து இனமான சயாம் முதலை கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தப் பட்டியல்களை நம் சட்டத்துக்குள்ளேயே நான்காம் அட்டவணையாகக் கொண்டுவந்துவிட்டது. வெளிநாட்டு உயிரினம் வைத்திருந்தால் பதிவு, குட்டி போட்டால் பதிவு, முதல் பட்டியல் இனத்தை இனப்பெருக்கம் செய்ய உரிமம். கப்பலிலோ விமானத்திலோ இறக்க அனுமதி தனி.

இன்னொன்றும் உண்டு. 2017 ஜனவரியில் மத்திய அரசு ஊர்வன விலங்குகளின் தோல் இறக்குமதிக்கே தடை போட்டது. முதலைத் தோலும் அதில் வரும். வெளியிலிருந்து தோலைக் கொண்டுவந்து பை தைத்து அனுப்புகிற வேலைகூட இங்கே நின்றுபோனது. வாங்க ஆளே இல்லாத நாட்டில் "நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம்" என்றால் எங்கே எடுத்துப்போவார்களாம்?

#7 கால்நடை_டாக்டர்

வக்கீல் சார் கதவைச் சாத்திவிட்டார். இருந்தாலும் ஆத்தூர்க்காரர் கேட்ட கேள்விகள் நல்ல கேள்விகள், வளர்ப்பு விஷயமாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலையைக் கோழி மாதிரி நினைத்தால் முதல் அடியிலேயே கோளாறு. கோழி தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், தீவனத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். முதலைக்கு அந்தச் செலவு இல்லை. அதனால் உடம்பு எடைக்குப் பார்த்தால் மிகக் குறைவாகத்தான் சாப்பிடும், பெரியது மாதக்கணக்கில் பட்டினியும் கிடக்கும். இதைச் சொல்லித்தான் ஏஜென்ட்டுகள் மயக்குவார்கள். ஆனால் சூட்டுச் செலவு முதலைக்கு இல்லையே தவிர உங்களுக்கு உண்டு. குஞ்சுக்கு இரவும் பகலும் 30 முதல் 32 டிகிரி வேண்டும். கீழே இறங்கினால் சாப்பிடாது. சாப்பிட்டதும் செரிக்காது, வயிற்றிலேயே கெட்டுப்போகும். ஆத்தூரில் ஏப்ரல், மே பிரச்சினை இல்லை. மார்கழி ராத்திரிக்குத் தண்ணீரைச் சூடாக்க வேண்டும், அதுவும் தினமும் மாற்றுகிற தண்ணீரை. போர் எத்தனை அடி போட்டிருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, நம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

முட்டை விஷயம் இன்னும் நுட்பம். கோழி முட்டையை இன்குபேட்டரில் மணிக்கொரு தரம் திருப்பிவிடுவோம், இல்லையென்றால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு சாகும். முதலை முட்டைக்கு நேர் எதிர். இட்ட ஒரு நாளைக்குள் கரு முட்டையின் மேல்பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் ஓடு சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகும், பிறகு அந்த வெள்ளை இடுப்புப் பட்டை போல முட்டையைச் சுற்றி விரியும். அதைப் பார்த்தே கரு உயிரோடு இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். எடுக்கிறவர்கள் மண்ணை விலக்கியதும் முட்டையின் மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அதே வாக்கில் பெட்டியில் அடுக்குவார்கள். புரட்டினால் போச்சு.

இன்குபேட்டர் சூடுதான் ஆணா பெண்ணா என்று முடிவு செய்கிறது. முதலைக்குப் பாலினக் குரோமோசோம் கிடையாது. நம் சேற்று முதலை முட்டையை 31 டிகிரிக்குக் கீழே வைத்தால் அத்தனையும் பெண். 32.5 டிகிரியில் ஆண். ஒன்றரை டிகிரி வித்தியாசம், அவ்வளவுதான். இதைச் சென்னை பக்கத்து வடநெம்மேலி முதலைப் பண்ணை முட்டைகளை வைத்து 1980களில் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தார்கள். ஆண் வேகமாக வளரும் என்பதால் தோல் பண்ணைகள் சூட்டை அந்தப் பக்கமே வைக்கப் பார்க்கும்.

குஞ்சு பொரிந்த முதல் வருஷத்தில்தான் சாவு அதிகம். நல்ல குஞ்சு பக்கத்திலேயே ஒரு நோஞ்சான் குஞ்சு இருக்கும்; எதைப் போட்டாலும் வாய் திறக்காது, அப்படியே வற்றிப்போகும். கூட்டம் அதிகமானால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் சாகும். எலும்பில்லாத கறியாகப் போட்டால் சுண்ணாம்புச்சத்து குறைந்து தாடை ரப்பர் மாதிரி வளையும். ஐஸ் மீனையே போட்டால் தையமின் என்கிற வைட்டமின் குறையும், கெட்ட மீனைப் போட்டால் உடம்புக் கொழுப்பே கட்டி தட்டிப்போகும்.

செத்த கோழி பற்றி: கோழி ஏன் செத்தது என்று யாராவது கேட்டீர்களா? நோயில் செத்த கோழியை இன்னொரு பிராணிக்குப் போடுவது எந்தப் பண்ணையிலும் ஒழுங்கான வேலை இல்லை. 2004ல் தாய்லாந்தில் பறவைக் காய்ச்சல் கண்ட கோழியைத் தின்று புலிகள் கொத்தாகச் செத்தன. ஆனால் மச்சானின் யோசனை முழுத் தப்பும் இல்லை. பப்புவா நியூ கினியாவில் லே என்கிற ஊரில் ஒரு கோழி நிறுவனமே பக்கத்தில் முதலைப் பண்ணை நடத்துகிறது. வெட்டுமிடத்துக் கழிவு முதலைக்குப் போகிறது. அது வெட்டுமிடத்துக் கழிவு, செத்த கோழி அல்ல. நாமக்கல்லில் பெரும்பாலும் முட்டைக் கோழிதான் என்பதையும் மச்சானுக்குச் சொல்லுங்கள்.

#8 ஏற்காட்டு_மிளகு

டாக்டரம்மா, எங்கள் தோட்டத்தில் வருஷம் முழுக்க ஓடை ஓடுகிறது. தண்ணீர்ப் பிரச்சினையே இல்லை. இங்கே?

#9 கால்நடை_டாக்டர்

டிசம்பரில் நீங்களே கம்பளியை விட்டு வெளியே வருவதில்லை அண்ணா. சேற்று முதலை சமவெளி விலங்கு. மலைமேல் 1,500 மீட்டரில் அது சாகாமல் கிடந்தாலும் வளராது, முட்டை வைக்காது. மிளகையே பாருங்கள்.

#10 தோல்ஷாப்_பாய்

நான் வாணியம்பாடி. சிங்கப்பூரில் முதலைத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவன். இப்போது ஊரில் ஆட்டுத் தோல்தான். விலையைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

பேப்பரில் வரும் விலையெல்லாம் பையின் விலை. 2017ல் ஹாங்காங் ஏலத்தில் ஹெர்மெஸ் பை ஒன்று சுமார் 3.8 லட்சம் டாலருக்குப் போனது. அது நைல் முதலைத் தோல், மேலே வைரம் பதித்தது. அதைக் காட்டிக் குஞ்சு விற்கிறவனை நம்பக் கூடாது.

முதலைத் தோலில் காசு வயிற்றுத் தோலுக்குத்தான். முதுகைக் கீறி உரிப்பார்கள், வயிறு ஒரே துண்டாக வர வேண்டும். முதுகில் ஒவ்வொரு செதிலுக்கு அடியிலும் எலும்பு வில்லை இருக்கும், ஊசி இறங்காது. தென் அமெரிக்கக் கெய்மன் என்கிற முதலை வகைக்கு வயிற்றிலும் எலும்பு உண்டு, அதனால்தான் அது மலிவு. செம்மூக்கு முதலைக்கு வயிற்றுச் செதில் பொடியாக, வரிசை நெருக்கமாக, எலும்பு இல்லாமல் இருக்கும். சந்தையில் அதற்குத்தான் முதல் இடம். அளவை வயிற்றின் அகலத்தில், சென்டிமீட்டரில் சொல்வார்கள்.

தோல் வந்து இறங்கியதும் எங்கள் மேஸ்திரி அதை விளக்குப் பலகைமேல் விரிப்பார். கீழேயிருந்து வெளிச்சம் வரும். கையால் தடவிக்கொண்டே போவார். இன்னொரு முதலையின் பல் லேசாகப் பட்ட தடம் இருக்கும், குண்டூசித் தலை அளவுதான், உயிரோடு இருக்கும்போது யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வெளிச்சத்தில் அது மட்டும் பளிச்சென்று தெரியும். வயிற்றின் நடுவில் அப்படி ஒன்று இருந்தால் தரம் இறங்கிவிடும். ரெண்டு, மூணு இருந்தால் பைக்கு ஆகாது, வாட்ச் பட்டைக்கும் பர்சுக்கும்தான். கொசுவால் பரவுகிற வெஸ்ட் நைல் வைரஸ் வந்த முதலைத் தோலில் சின்னச் சின்னக் குழி விழும், சாயம் ஏற்றிய பிறகுதான் தெரியும். அதுவரை செய்த வேலை வீண்.

இதனால்தான் ஆஸ்திரேலியாவில் வெட்டுக்கு முன் கடைசி மாதங்களில் ஒவ்வொரு முதலையையும் தனித்தனிக் கூண்டில் வைக்கிறார்கள், கீறல் விழாமல் இருக்க. தரை சிமென்ட் சொரசொரப்பாக இருந்தால்கூட வயிறு தேய்ந்துவிடும். பிராய்லர் ஷெட்டின் தரையை ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள் தம்பி.

உரித்த பிறகும் தொல்லை. பொடி உப்புப் போட்டுத் தேய்த்து, சுருட்டி, குளிர் அறையில் வைக்க வேண்டும். சூட்டில் விட்டால் செதிலின் மேல்தோல் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வரும். உப்பிலேயே வளரும் ஒரு கிருமியால் தோல் சிவந்தும் போகும். இதெல்லாம் தாண்டிக் குரோம் ஏற்றி, சாயம் ஏற்றி, கடைசியில் அகேட் கல் வைத்த மெஷினில் அழுத்தித் தேய்த்தால்தான் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு வரும். ஒவ்வொரு தோலின் வாலிலும் சைட்டிஸ் அடையாள வில்லை ஒன்று மாட்டியிருக்கும். கழற்றினால் திரும்ப மாட்ட முடியாத வில்லை. அது இல்லாத தோலை எந்தப் பெரிய ஷாப்பும் தொடாது. உங்கள் ஏஜென்ட் வில்லைக்கு எங்கே போவார்?

#11 ஓமலூர்_தறி

எல்லோரும் சட்டத்தையே சொல்கிறீர்கள். சட்டம் சரியா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் வடக்கு மாகாணத்தில் செம்மூக்கு முதலையைச் சுட்டுச் சுட்டு 1971ல் சுமார் 3,000 தான் மிச்சம். அந்த வருஷம் வேட்டையைத் தடை செய்தார்கள். எண்ணிக்கை ஏறத் தொடங்கியதும் காட்டு முட்டையை உரிமத்தோடு எடுத்துப் பண்ணைக்கு விற்க அனுமதித்தார்கள். ஹெலிகாப்டரில் போய் முட்டை எடுக்கிறார்கள், நிலம் வைத்திருக்கும் பழங்குடி மக்களுக்கு அதில் காசு வருகிறது. இப்போது அங்கே சுமார் 1 லட்சம் முதலை. அமெரிக்காவில் லூசியானாவிலும் அதே கதை. 1967ல் அழியும் இனம் என்று அறிவித்த அல்லிகேட்டரை 1987ல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். சதுப்பு நிலக்காரனிடம் முட்டையை விலைக்கு வாங்குகிறார்கள், பண்ணையில் வளர்ந்ததில் ஒரு பங்கைத் திரும்பச் சதுப்பில் விட வேண்டும் என்று விதி. முட்டையில் காசு வருவதால் சதுப்பை யாரும் மூடி பிளாட் போடுவதில்லை.

நம் ஊரில்? ஏரி போச்சு, ஆறு போச்சு, முதலை போச்சு. சட்டம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்டார் என்று திருவிழா எடுக்கிறோம். அந்தக் குளத்தில் முதலை இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? இன்றைக்குக் கொங்கு நாட்டில் எந்தக் குளத்தில் இருக்கிறது? 2004லேயே பங்களாதேஷில் மலேசியாவிலிருந்து முதலை கொண்டுவந்து பண்ணை போட்டு ஏற்றுமதியும் செய்துவிட்டார்கள். நமக்கு மட்டும் ஏன் முடியாது?

#12 காட்டுவழி

தறி அண்ணா கேட்டது நியாயமான கேள்வி. இந்தியாவில் முதலைக்காக உழைத்தவர்களே இதைக் கேட்டிருக்கிறார்கள்.

1975ல் மத்திய அரசு ஐ.நா. உதவியோடு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. காட்டு முட்டையை எடுத்துப் பொரிக்க வைத்து, ஓரளவு வளர்த்து ஆற்றில் விடுவதுதான் வேலை. நம் மாநிலத்தில் அமராவதி, சாத்தனூர், ஒகேனக்கல் மையங்கள் அந்த வழியில் வந்தவை. 1976ல் ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் மகாபலிபுரம் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையைத் தொடங்கினார்கள். எண்ணிக்கை தேறியதும் மக்களுக்கு வருமானம் வருகிற மாதிரி தோல் பண்ணை வரட்டும், அப்போதுதான் முதலையை யாரும் அடித்துக் கொல்ல மாட்டார்கள் என்பது அவர்களுடைய எண்ணமாகவும் இருந்தது. அரசு ஒத்துக்கொள்ளவில்லை.

முதலைகளோ நிற்கவில்லை. நல்ல தீனி கிடைத்தால் சேற்று முதலை ஒரே பருவத்தில் இரண்டு தடவை முட்டை வைக்கும், ஒரு தடவைக்கு 25, 30 என்று. இது அங்கேதான் முதலில் பதிவானது. ஆயிரக்கணக்கில் பெருகி, விட ஆறு இல்லாமல், கடைசியில் முட்டையை அப்புறப்படுத்துகிற நிலை வந்தது. 2022ல் 1,000 முதலைகளைக் குஜராத் ஜாம்நகருக்கு அனுப்ப அனுமதி வாங்கினார்கள். அழியும் இனம் என்று ஆரம்பித்த வேலை, இடம் போதவில்லை என்று முடிந்தது.

ஆனால் தறி அண்ணா சொன்ன இரண்டு ஊர் மட்டும் உலகம் இல்லை. தாய்லாந்தைப் பாருங்கள். 1950ல் சமுத் பிரகானில் முதல் பண்ணை. இன்று நாடு முழுக்கப் பண்ணைகளில் பத்து லட்சத்துக்கு மேல் முதலை. காட்டில் சயாம் முதலை விரல் விட்டு எண்ணும் அளவுதான். பண்ணைக்காரனுக்குத் தேவையான முட்டை பண்ணைக்குள்ளேயே கிடைத்துவிட்டது, ஆறும் சதுப்பும் இருந்தால் என்ன, போனால் என்ன என்று ஆகிவிட்டது. தோல் நன்றாக இருக்கட்டும் என்று செம்மூக்கு முதலையோடு கலந்துவிட்டதால் சுத்த சயாம் முதலை எது என்று கண்டுபிடிக்கவே மரபணுச் சோதனை வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் முட்டை காட்டிலிருந்து வர வேண்டும், அதனால் காடு இருந்தது. வித்தியாசம் அங்கேதான். ஆத்தூர் ஷெட்டில் வளர்க்கப்போவது இதில் எந்த வகை?

#13 ஓமலூர்_தறி

அப்படியென்றால் ஷெட் வேண்டாம், ஆற்று முட்டையை எடுக்க விடட்டும். மேட்டூர்க்காரனுக்குக் காசு வரட்டும். அதற்குமா சட்டம் தடை?

#14 செவ்வாய்ப்பேட்டை_வக்கீல்

தடைதான். முதல் அட்டவணை என்றால் முட்டையும் சேர்த்துத்தான். மாற்ற வேண்டுமானால் மத்திய அரசு அறிவிக்கை போட்டு அட்டவணையைத் திருத்த வேண்டும். சைட்டிஸிலும் நம் முதலையைக் கீழ்ப் பட்டியலுக்கு இறக்க வேண்டும். ஆஸ்திரேலியா தன் செம்மூக்கு முதலைக்கு அதை வாங்கிவிட்டது, அதே இனத்துக்கு இந்தியா கேட்கவே இல்லை.

#15 மேட்டூர்_பரிசல்

மேட்டூர்க்காரனுக்குக் காசு வரட்டும் என்று யாரோ சொன்னதால் வருகிறேன். அணைத் தேக்கத்தில் பரிசல் போட்டு மீன் பிடிப்பதுதான் எங்கள் குடும்பத் தொழில்.

ஒகேனக்கல் தொடங்கி எங்கள் பக்கம் வரைக்கும் காவிரியில் முதலை இருக்கிறது. தண்ணீர் வற்றுகிற காலத்தில் பாறைமேல் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். கோபத்தில் பிளக்கிறது என்று டூரிஸ்ட்டுகள் நினைப்பார்கள். உடம்புச் சூட்டை ஆற்றத்தான் பிளக்கிறது. மாசி, பங்குனியில் கரை மண்ணில் குழி தோண்டி முட்டை வைக்கும். கர்நாடகத் தண்ணீர் வந்து தேக்கம் ஏறுவதற்குள் குஞ்சு பொரிந்துவிடும். பொரிக்கிற சமயம் மண்ணுக்குள்ளிருந்தே குஞ்சு கத்தும். தாய் வந்து மண்ணைக் கிளறி, கட்டைவிரல் கனத்தில் இருக்கிற குஞ்சுகளை வாயில் அள்ளிக்கொண்டு தண்ணீருக்குப் போகும். மாட்டுக் கால் எலும்பை நொறுக்குகிற வாய் அது. குஞ்சுமேல் ஒரு கீறல் விழாது. அந்தச் சமயம் பரிசலைக் கிட்டே விடக் கூடாது, அவ்வளவுதான்.

தொந்தரவு இல்லையா என்றால், உண்டு. வலையில் மாட்டிய ஜிலேபியைத் தின்ன வந்து வலையையும் சேர்த்துக் கிழிக்கும். ஒரு வலை கிழிந்தால் யாரும் நஷ்டம் தருவதில்லை. சில சமயம் முதலையே வலையில் சுற்றிக்கொண்டு மூச்சு விட மேலே வர முடியாமல் சாகும். அப்போது வனத்துறை வந்து எங்களைத்தான் கேள்வி கேட்கும். முட்டைக்குக் காசு கொடுத்தால் வாங்கிக்கொள்வோமா? வாங்கிக்கொள்வோம், பொய் சொல்வானேன். ஆனால் இன்றைக்கு முட்டை எடுக்கலாம் என்று விட்டால் நாளைக்கு ராத்திரி யார் எதை எடுக்கிறான் என்று அந்தத் தேக்கம் முழுக்க யார் காவல் இருப்பது? மணலுக்கே காவல் இருக்க முடியவில்லை. எங்களுக்கு முதலில் வேண்டியது கிழிந்த வலைக்குப் பணம். அதைக் கேட்டு எழுதுங்கள், புண்ணியமாகப் போகும்.

#16 கால்நடை_டாக்டர்

பரிசல் அண்ணா எழுதியதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். வலையில் மாட்டிய முதலையை மீட்டாலும் உடனே கட்டிப் புரட்டி இழுக்கக் கூடாது. முதலைக்கு வேகம் ஒரு மூச்சுதான். திமிறத் திமிற ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும், பெரிய முதலை அதிலேயே அடுத்த நாள் சாகும். கண்ணை ஈரத் துணியால் மூடினால் பெரும்பாலும் அடங்கிவிடும். வாயை மூடுகிற தசைக்குத்தான் அத்தனை பலம், திறக்கிற தசை ரொம்பப் பலவீனம், கயிறு ஒரு சுற்றுப் போதும். ஆனால் அந்தச் சுற்றைப் போடுவது பயிற்சி உள்ளவர்கள் வேலை, வனத்துறைக்குப் போன் போடுங்கள்.

முதலைக்கு மூளை இல்லை என்று நினைக்கிறவர்களுக்கும் ஒன்று. கொக்குகள் கூடு கட்டுகிற பருவத்தில் வடநெம்மேலி முதலைகள் மூக்கின்மேல் குச்சிகளை வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்ததை 2013ல் ஆராய்ச்சிக் கட்டுரையாகவே எழுதினார்கள். குச்சி பொறுக்க வந்த கொக்கு நேராக வாய்க்குள் போகும்.

#17 சங்ககிரி_லாரி

முன்பணமும் அந்தக் குச்சி மாதிரிதான் போல.

#18 பெருந்துறை_ரோடு

ஆத்தூர்த் தம்பி, ஒருவேளை எல்லா அனுமதியும் கிடைத்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2013 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் லிம்போபோ ஆற்றில் வெள்ளம் வந்தபோது ஒரு பண்ணையிலிருந்து 15,000 முதலை வரை வெளியே போனதாகச் செய்தி வந்தது. 2024ல் தாய்லாந்தின் லாம்பூனில் மழையில் சுற்றுச்சுவர் அரித்துப்போய், தப்பினால் ஊருக்குள் போய்விடும் என்று ஒரு பண்ணைக்காரர் தன் 125 முதலைகளைத் தானே கொன்றார். பல வருஷம் வளர்த்தவர். வசிஷ்ட நதியில் எப்போதாவது வெள்ளம் வந்தால் உங்கள் ஷெட் எந்த மட்டத்தில் இருக்கிறது?

#19 ஆத்தூர்க்காரன்

எல்லோரும் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. வக்கீல் சார் சொன்ன அனுமதித் தாளை மச்சான் மூலமாகக் கேட்டேன். "புராசஸில் இருக்கிறது, இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் பழைய ரேட்" என்று பதில் வந்தது. சைட்டிஸ் வில்லை எண் கேட்டதும் மச்சானின் நம்பரைப் பிளாக் செய்துவிட்டார்கள். மச்சான் இப்போது என்மேல் கோபமாக இருக்கிறார், நல்ல வாய்ப்பைக் கெடுத்துவிட்டேனாம்.

அவர் அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டிருக்கிறார், அவர்கள் பணமும் கட்டிவிட்டார்கள். அவர்களுக்கு என்ன வழி?

#20 செவ்வாய்ப்பேட்டை_வக்கீல்

ரசீது, வாட்ஸ்அப் செய்தி, வங்கிப் பரிமாற்றம் எல்லாவற்றையும் அழிக்காமல் பிரிண்ட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இதற்குத்தான், ஈமு வழக்குகளும் அதன்கீழ்தான் கோவை தனி நீதிமன்றத்தில் நடந்தன. பணம் உடனே வரும் என்று சொல்ல மாட்டேன். தாமதித்தால் சொத்து கைமாறிவிடும், அதனால் இந்த வாரமே போகட்டும். ஒருவேளை குஞ்சு ஏதாவது கைக்கு வந்திருந்தால் ஒளித்து வைக்க வேண்டாம், தாங்களாகவே வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஒப்படைக்கச் சொல்லுங்கள். மச்சானையும் கூட்டிக்கொண்டு போங்கள். சேர்த்துவிட்டவர் சாட்சியாக வருவது நல்லது, குற்றவாளியாக வருவதைவிட.

#21 ஏற்காட்டு_மிளகு

ஷெட்டுக்கு ஒரு யோசனை: காளான் போடுங்கள். முதலை பார்க்க வேண்டுமென்றால் உடுமலைப்பேட்டை வழியாக அமராவதி அணைக்குப் போய்வாருங்கள். நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம், நன்றாகத்தான் இருந்தது.

#22 கொல்லிமலை_தேன்

நல்ல தகவல், நன்றி. முதலைக் குஞ்சு என்ன விலை வரும்? ஏஜென்ட் நம்பர் இருந்தால் தனிச் செய்தியில் அனுப்பவும்.

#23 சங்ககிரி_லாரி

#4ஐப் படிங்க சாமி.